ராகு காலத்தில் ராஜமாணிக்கம்

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். அதற்கு நான் கேரண்டி. ஆனால் அந்த இடம் இது இல்லை. அடுத்த பக்கமும் இல்லை. இப்போதே சிரித்துத் தீர்த்துவிட்டு, அங்கே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்காதீர்கள். பல் தேய்க்காதவர்கள் தேய்த்துவிட்டு வரலாம். நேரம் இருக்கிறது.

என் பெயர் இளமதி. விருத்தாசலத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு உருப்படியாக வரும் ஒரே பாடம் குரல். யார் குரலாக இருந்தாலும் ஒருமுறை கேட்டால் போதும், என் தொண்டைக்குள் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். ஜங்ஷன் மைக்கில் பேசும் அம்மாளின் குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தொழிற்பேட்டையிலிருந்து சாப்பாட்டுக்கு வரவேண்டிய அர்ச்சுனன் எக்ஸ்பிரஸ் வழக்கம்போல் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது" என்று நான் அறிவித்தால், கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அப்பாவே எச்சில் கையோடு எழுந்து பிளாட்பாரம் தேடுவார்.

அர்ச்சுனன் என்பது அப்பா. பீங்கானில் பீஸ் கட்டை செய்கிறவர். உங்கள் வீட்டில் கரண்ட் போனால் மீட்டர் பெட்டியைத் திறந்து வெள்ளையாக ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கிறீர்களே, அதேதான். "நாட்டுல பாதி வெளிச்சம் என் கையில இருக்குது" என்பார். மீதிப் பாதி யார் கையில் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்பாவுக்குச் சொந்தமாகப் பட்டறை உண்டு. சொந்தமாகச் சூளை கிடையாது. மங்கலம்பேட்டை சம்சுதீன் பாய் ஊறுகாய் ஜாடி செய்கிறார். பச்சமுத்து டீக்கடை கப்பு செய்கிறார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே சூளை. முறை வைத்துச் சுடுவார்கள். அப்பாவின் முறை திங்கட்கிழமை. சரக்கு இருக்கிறவர் தன் கிழமையைச் சூளையின் இரும்புக் கதவில் சாக்பீஸால் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் வேறு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எழுதிவிட்டு மூட்டாமல் போட்டால் மன்னிப்பே கிடையாது. அடுத்த மூன்று முறை பறிபோகும்.

இந்தச் சட்டதிட்டமெல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் சம்சு பாய் களைத்துப்போய்க் கதவில் சாய்ந்தார். அப்பாவின் முறை அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பஸ் ஏறி மங்கலம்பேட்டைக்கும் போய்விட்டது.

மறுநாள் காலையில் சூளைக்குள் ஜாடிகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன.

"பாய், இன்னிக்கி என் முறை."

"அப்பிடியா? எங்க எழுதியிருக்குது, காட்டு."

"உங்க முதுவுல."

"அது தோய்க்கப் போட்டாச்சே அர்ச்சுனா!"

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பு ஒன்று தெருவில் நின்றுவிட்டது. என் படிப்புக்காக வாங்கி, நான் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து நின்றார். வலது கையை உயர்த்தினார்.

"இனிமே சாக்பீஸ் கெடையாது! இன்டர்நெட்டுதான்! ஓசியிலயே காலண்டர் குடுக்குறானாம். மூணு பேரும் ஒரே காலண்டர எங்கேர்ந்து வேணா பாக்கலாம். எவன் முதுவுலயும் ஒட்டாது!"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "செவுத்துல ஒண்ணு தொங்குதே. அதையும் நகைக்கடையில ஓசியிலதான் குடுத்தாங்க."

"அம்புஜம், அது செவுத்துல இருக்குது. இது ஒலகம் பூரா இருக்குது."

"ஒலகம் பூரா எதுக்குங்க? நமக்குத் தொழிற்பேட்டை போதாதா?"

அம்புஜவல்லி என்கிற என் அம்மா எப்போதும் இப்படித்தான் பேசுவாள். சத்தம் இருக்காது. ஆனால் அப்பாவுக்கு எங்கோ பீஸ் போய்விடும்.

ஓசி காலண்டர் தேடும் படலம் தொடங்கியது. சிரிப்பு இங்கேயும் இல்லை, கவனம்.

முதலில் கிடைத்த காலண்டர் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. பூ, பட்டாம்பூச்சி, நீர்வீழ்ச்சி எல்லாம் இருந்தது. தேதி எழுதத்தான் இடம் இல்லை. அது தவிர, சேர்ந்த மறுநிமிஷமே அப்பாவுக்கு உடம்பு இளைக்க மருந்து, தலையில் முடி வளர எண்ணெய் என்று கடிதமாக அனுப்ப ஆரம்பித்தது.

"என்னப் பாக்காமயே எப்பிடிம்மா கண்டுபுடிச்சான்?" என்று அப்பா வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

இரண்டாவது காலண்டர் எல்லாவற்றையும் வாய்க்கு வாய் ஓசி என்றது. பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் பேங்க் கார்டு நம்பரைக் கேட்டது. அப்பா கம்ப்யூட்டரின் ஒயரையே பிடுங்கிவிட்டார். பிடுங்கியதோடு நிற்காமல் கார்டை எடுத்து அரிசிப் பானைக்குள் வேறு புதைத்தார்.

மூன்றாவது காலண்டர் பார்க்கப் பரம ஏழை. வெள்ளைத் தாளில் கட்டம் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே நுழைந்து பார்த்தால், அடேயப்பா! ஆளுக்கொரு கலர் கொடுக்கலாம். ஒருத்தர் எழுதினால் மூன்று பேருக்கும் தெரியும். முன்கூட்டியே போனுக்கு மெசேஜ் அனுப்பி ஞாபகப்படுத்தும். யாரையாவது விசேஷத்துக்குக் கூப்பிட்டால், வருகிறேன், வரவில்லை, வந்தாலும் வருவேன் என்று மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். நான்காவதாக மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ள மட்டும்தான் வசதி இல்லை. நிஜமாகவே சொல்கிறேன், இதை யோசித்தவன் கூட்டுக்குடும்பத்தில் பிறந்து நொந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பா சிவப்பை எடுத்துக்கொண்டார். பாய்க்குப் பச்சை. பச்சமுத்துவுக்கு நீலம். அம்மாவைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார்.

அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "எல்லாம் சரி. ராகு காலம் எங்க?"

அப்பா விழித்தார். தேடினார். காலண்டரில் அமெரிக்காக்காரன் வான்கோழி தின்கிற நாள் இருந்தது. ராகு காலம் இல்லை.

"ராகு காலம் இல்லாதது என்னாங்க காலண்டரு? அது வெறும் கட்டம்" என்று அம்மா திரும்பி நடந்தாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் சூளையில் ராகு காலத்தில் நெருப்பு வைக்கவே மாட்டார்கள். வைத்தால் சரக்கு விரிசல் விடும் என்று ஒரு நம்பிக்கை. பாய்க்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. ஆனால் அவருடைய ஜாடியும் விரிசல் விடும் அல்லவா? அவரும் அந்த நேரத்தில் தீப்பெட்டியைத் தொட மாட்டார்.

"அம்மா, நாமளே போட்டுக்கலாம்மா" என்று நான் நாற்காலியை இழுத்தேன். "திங்கக்கெழம ஏழரை டு ஒம்பது. கறுப்புக் கலர். இங்க 'வாரா வாரம்'னு ஒரு தட்டு. அவ்ளோதான்."

திரையில் திங்கட்கிழமை எல்லாம் கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டது. அம்மா நின்றாள். திரும்பி வந்தாள்.

"ஒரு தடவ சொன்னா போதுமா?"

"போதும்மா."

"மறுபடி மறுபடி சொல்ல வேணாம்?"

"வேணாம்."

"வருஷம் பூரா அதுவே ஞாபகம் வெச்சிக்குமா?" அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "கட்டுனா இதையில்லடி கட்டியிருக்கணும்!"

அன்றைக்கு அம்மாவுக்கும் காலண்டருக்கும் உண்டான சிநேகம் பெரிய சிநேகம். அப்பா தொழிற்பேட்டைக்குக் கிளம்பியதும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். ஏழு கிழமைக்கும் ராகு காலம் போட்டாள். அமாவாசை போட்டாள். இட்லிக்கு ஊறவைக்கும் நாள் போட்டாள். எல்லாவற்றையும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிகிற மாதிரி மஞ்சள் கலரில் தனியாக வைத்துக்கொண்டாள். கறுப்பை மட்டும் ஊருக்குப் பொதுவாக விட்டாள். ஒற்றை விரலால்தான் தட்டுவாள். ஆனால் அந்த விரல் தப்பான இடத்தில் பட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிரிப்புக்கு இல்லை, விஷயத்துக்கு.

அம்மா களிமண்ணில் கை வைத்தால் களிமண்ணே ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும். போன வருஷம் அப்பாவின் சூளையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, கிளி பொம்மை சுட்டாள். ஒரு கிளி மிச்சமில்லாமல் விற்றுப்போயிற்று. அதிலிருந்து தொழிற்பேட்டை டீக்கடையில் அப்பாவைப் பார்த்தால், "கிளியம்மா வூட்டுக்காரரு வந்துட்டாரு, ஒரு டீ போடு" என்றுதான் குரல் கொடுக்கிறார்கள். பாதி நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிற மனுஷன் அதை எப்படித் தாங்குவார்?

இந்த வருஷம் அம்மா கிளியை விட்டுவிட்டு அகல் விளக்குக்கு வந்திருந்தாள். சாதாரண அகல் இல்லை. தாமரை இதழ் மாதிரி விளிம்பு, கீழே ஒரு பிடி, கையைச் சுடாது. மழை பிடிப்பதற்கு முன்பே கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் பலகை பலகையாகச் செய்து காயவைத்துவிட்டாள். கார்த்திகை தீபத்துக்கு விற்க ஆளும் இருந்தது. சம்சு பாயின் தங்கை அமீர் நிஷா அக்கா, மங்கலம்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர்.

"செஞ்சது அத்தனையும் எனக்குக் குடுத்துடு அம்புஜம்" என்று அக்கா சொல்லியிருந்தார். "ஆனா கார்த்திகைக்கு முன்னாடி வந்தாவணும். வரலேன்னா நான் வெளியூர்லேர்ந்து எறக்கிக்குவேன், கோவிச்சிக்காத."

விளக்கு தயார். ஆள் தயார். வேண்டியது ஒரே ஒரு சூளை முறை.

"ஏங்க, மழையில உங்க கட்டையெல்லாம் காயாம கெடக்குது. உங்க திங்கக்கெழம சும்மாத்தான போவுது? ஒரு முறை எனக்குக் குடுங்களேன்."

அப்பாவின் காதில் உடனே டீக்கடை கேட்டிருக்க வேண்டும். 'விளக்கம்மா வூட்டுக்காரரு.'

"குடுக்கலாம் அம்புஜம், குடுக்கலாம். முறை காலியா இருக்குதான்னு காலண்டரப் பாத்துச் சொல்றேன்."

மறுநாள் அம்மா கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் அப்பா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். நான் தூங்குகிற மாதிரி நடித்தேன். குறட்டைகூட அப்பாவின் குரலிலேயே விட்டேன். அவர் சந்தேகப்படவில்லை. பழகிய சத்தம் அல்லவா?

அம்மா திரும்பி வந்ததும் அப்பா திரையைத் திருப்பிக் காட்டினார். கார்த்திகை வரை அத்தனை திங்கட்கிழமையும் செக்கச்செவேல் என்றிருந்தது. ஒவ்வொன்றிலும் 'ராஜமாணிக்கம், சென்னை, அவசரம்' என்று எழுதியிருந்தது.

"நானும் எவ்ளோ தேடிப் பாத்துட்டேன் அம்புஜம். ஒரு திங்கக்கெழம கூட காலியில்ல. வயித்தெரிச்சலா இருக்குது" என்று அப்பா உச் கொட்டினார்.

"யாருங்க ராஜமாணிக்கம்?"

"பெரிய பார்ட்டி."

"பாத்திருக்கீங்களா?"

"பெரிய பார்ட்டிய அவ்ளோ லேசுல பாக்க முடியுமா?"

அம்மா திரையை ஒரு நிமிஷம் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "நல்லதுங்க. பெரிய மனுஷரு, மனம் கோணாம செஞ்சி குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏம்மா, நீ நம்புறியா?"

அம்மா வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள். "எல்லாத் திங்கக்கெழமையும் எத்தினி மணிக்குப் போட்டிருக்காரு பாத்தியா?"

பார்த்தேன். காலை ஏழரை. அம்மா வைத்த கறுப்புப் பொட்டின் மேலேயே, ஓர் இழைகூட விலகாமல் அப்பாவின் சிவப்பு உட்கார்ந்திருந்தது. வருஷக்கணக்காக ராகு காலத்தில் பீடிகூடப் பற்றவைக்காத மனுஷன், ராகு காலத்தில் சூளை மூட்டப்போகிறாராம். அதுவும் வாரா வாரம். தீபாவளித் திங்கட்கிழமையைக்கூட விட்டுவைக்கவில்லை. பொய்க்கு யார் நேரம் பார்க்கிறார்கள்?

"நீ போய்க் கேளும்மா, நேரா!"

"கேட்டா வேற பொய் சொல்லுவாரு. இருக்குற பொய்யே நல்லா இருக்குது" என்றாள் அம்மா. பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டி, ராஜமாணிக்கம் எப்பிடிப் பேசுவாரு?"

அந்த நிமிஷம் நான் என் அம்மாவின் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. வெங்காயத்தோல் கிடந்தது.

"எப்பிடிம்மா பேசணும்?"

"கட்டக் கொரலு. வெத்தல போட்ட வாயி. அவசரமே இல்லாம பேசணும். வசதியானவங்க அப்பிடித்தான் பேசுவாங்க."

நான் ஒருமுறை கனைத்துப் பார்த்தேன். அம்மா தலையை ஆட்டினாள். "தொப்பை பத்தல." இன்னும் கீழே இறக்கினேன். "ம்ம், இப்ப கார் வாங்கிட்டாரு."

இதற்கு நடுவில் காலண்டர் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. அப்பா எழுதிய பொய் பாய்க்கும் பச்சமுத்துவுக்கும் மெசேஜாகப் போய்விட்டது. பாய் வீட்டுக்கே வந்து அப்பாவின் கையைக் குலுக்கினார்.

"மாஷா அல்லா! தீபாவளி அன்னிக்கும் சூளையா அர்ச்சுனா? பெரிய ஆளாயிட்ட!"

"பார்ட்டி அவசரப்படுத்துறாரு பாய்" என்று அப்பா நெளிந்தார்.

"நல்லா இரு. ஆனா ஒண்ணு. எழுதிட்ட. மூட்டலேன்னா மூணு முறை போயிடும், ஞாபகம் இருக்குதில்ல? சாக்பீஸா இருந்தா அழிச்சிடலாம். இது ஒலகம் பூரா இருக்குது."

அப்பாவின் முகம் களிமண் கலருக்குப் போயிற்று. சூளையில் வைக்க அவரிடம் காய்ந்த கட்டை ஒன்றுகூட இல்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எழுதியதை அழித்தால் பொய் என்று தெரிந்துவிடும். விட்டுவைத்தால் முறை போய்விடும். அப்பா இரண்டு நாள் சாம்பாரில் மோரை ஊற்றிச் சாப்பிட்டார். அவருக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஸ்கூல் விட்டதும் நான் மங்கலம்பேட்டை பஸ்ஸைப் பிடித்தேன். நிஷா அக்காவின் வீட்டுக்காரர் ஹமீத் மாமா குவைத்திலிருந்து ஒரு புது செல்போன் அனுப்பியிருந்தார். அந்த நம்பர் ஊரில் இன்னும் யாருக்கும் தெரியாது. நான் கடையின் பின்பக்கம் அலுமினிய அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசினால் குரலுக்குத் தொப்பை வருகிறது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

"ஹலோ... அர்ச்சுனன்தான? நான் ராஜமாணிக்கம். சென்னை."

அப்பாவின் முகத்தை நான் பார்க்க முடியவில்லை. அதை அம்மா பிறகு எனக்கு நடித்துக் காட்டினாள். கண் விரிந்தது, வாய் கோணியது, கை தானாக வேட்டி மடிப்பை இறக்கிவிட்டது, எல்லாம் அச்சாக அப்படியே. எனக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ரா... ராஜமாணிக்கமா? எந்த ராஜமாணிக்கம்?"

"உங்க காலண்டர்ல இருக்குற ராஜமாணிக்கம்தான்யா. நெட்டுல என் பேரத் தட்டிப் பாத்தேன். திங்கக்கெழமன்னா திங்கக்கெழம எனக்குச் சூளை ஒதுக்கி வெச்சிருக்கீங்க. கேக்காமயே பண்ணீங்க பாருங்க, அதான் தொழிலு!"

"சார்... சார்... ரொம்ப..."

"ஆனா பீஸ் கட்டை வேணாம். நான் அந்த வியாபாரத்த விட்டுட்டேன். கார்த்திகைக்கு அகல் விளக்கு வேணும். தாமரை விளிம்பு, கீழ பிடி. முடியுமா, முடியாதா?"

"மு... முடியும் சார்!"

"அப்பறம் ஒண்ணு. ராகு காலத்துல மூட்டிப்புடாதீங்க."

போனை வைத்துவிட்டு அண்டாவுக்குள்ளேயே சிரித்தேன். நான் சிரிக்கலாம், நீங்கள் கூடாது. உங்கள் இடம் இன்னும் வரவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா கம்ப்யூட்டருக்குச் செம்பருத்திப் பூ வைத்திருந்தார். ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

"பாப்பா, இது சாதாரணக் காலண்டர் இல்ல" என்றார். "சும்மா ஒரு பேரு எழுதினேன். அந்தப் பேருல நெசமாவே ஒரு ஆளு இருந்து, அவரு அதப் பாத்து, போன் பண்ணிட்டாரு! எழுதுனது நடக்குதும்மா! என்னா கண்டுபுடிப்பு! இதப் போயி ஓசியில குடுக்குறானே, அவன் மனுஷனா, தெய்வமா?"

அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு தை மாதத்தில் இன்னொரு கட்டத்தைத் திறந்தார். 'சிங்கப்பூர் பார்ட்டி, பீஸ் கட்டை, கப்பல் நிறைய' என்று தட்டினார். தட்டிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேட்டியைக் கழற்றிவிட்டு பேண்ட் போட்டுக்கொண்டார், சிங்கப்பூர்க்காரர் அல்லவா. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அம்மா தடுத்துவிட்டாள். "வேணாம்டி. ஒரு வேளைக்கு ஒரு பொய் போதும், செரிக்கணும்."

பிறகு அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். நிலைப்படியைச் சுரண்டினார்.

"அம்புஜம், அந்த வெளக்கு... கொட்டாயில இருக்குதே..."

"இருக்குதுங்க."

"ராஜமாணிக்கம் சாருக்கு அது மாதிரிதான் வேணுமாம்."

"அப்பிடீங்களா? எனக்கு நேரம் இருக்குதான்னு காலண்டரப் பாத்துத்தான் சொல்லணும்."

அம்மா வந்து உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் தன் காலண்டரைத் திறந்தாள். ஒரே மஞ்சள் மயம். அப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது, இந்த வீட்டில் இன்னொரு காலண்டரும் ஓடுகிறது என்று.

"ரொம்ப வேலையா இருக்குதுங்க. நீங்க முறைப்படி கூப்புட்டு அனுப்புங்க. பாக்குறேன்."

அப்பா அனுப்பினார். 'அம்புஜவல்லி அவர்களைச் சூளைக்கு அழைக்கிறேன்.' ஒரே வீட்டில், ஒரே கம்ப்யூட்டரில், அவர் எழுந்து அம்மா உட்கார, அம்மா எழுந்து அவர் உட்கார. அம்மா மூன்று பதிலையும் நிதானமாகப் படித்தாள். 'வந்தாலும் வருவேன்' என்பதைத் தட்டினாள்.

"அம்புஜம்!"

"வரணும்னா ஒரு கண்டிஷன். மாசா மாசம் ஒரு திங்கக்கெழம என் முறை. என் பேருல, என் மஞ்சக் கலருல. சூளைக் காலண்டர்ல எல்லாருக்கும் தெரியணும்."

"சரி, போட்டுக்க. எது வரைக்கும்?"

காலண்டரும் அதையேதான் கேட்டது, முடியும் தேதி என்ன என்று. அம்மா 'முடிவு இல்லை' என்பதைத் தட்டினாள். பத்து வருஷம், இருபது வருஷம் என்று மாதம் மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தோம். எவ்வளவு தூரம் போனாலும் மாதத்துக்கு ஒரு மஞ்சள் திங்கட்கிழமை எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அத்தனை அழகான பக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அடுத்து வந்த திங்கட்கிழமை, ராகு காலம் கழிந்து, அம்மாவே சூளைக்கு நெருப்பு வைத்தாள். ஆறவைத்துக் கதவைத் திறந்தபோது விளக்குகள் தேன் கலரில் மினுங்கின. விரிசல் விட்டது ஒன்றுகூட இல்லை. அப்பா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பீஸ் கட்டையையே மறந்துவிட்டார். "அம்புஜம், என்னாம்மா இப்பிடிப் பண்ணியிருக்குற!" என்றார். அது பொய் இல்லை. அந்தக் குரலை மட்டும் நான் இதுவரை மிமிக்ரி செய்ததில்லை.

சரக்கு ஏற்ற டெம்போ வந்தது. கூடவே நிஷா அக்காவும் வந்தார்.

"ராஜமாணிக்கம் சாரு மங்கலம்பேட்டையில எறக்கச் சொன்னாராம். அங்கேர்ந்து எடுத்துக்குவாராம்" என்றாள் அம்மா.

"பெரிய பார்ட்டின்னா அப்பிடித்தான்" என்றார் அப்பா.

சம்சு பாய் வேடிக்கை பார்க்க வந்தார். பச்சமுத்து வந்தார். டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது. இத்தனை நாளும் பெரிய மனுஷருக்கு நாமாகப் போன் செய்யக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தவர், பையிலிருந்து செல்லை எடுத்தார்.

"இருங்க, சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு நம்பரைத் தட்டினார்.

நிஷா அக்காவின் கைப்பைக்குள் போன் அடித்தது.

அக்கா வெளிறிப்போனார். எடுத்துப் பார்த்துவிட்டு, சுடுகிற அகப்பையைத் தள்ளுகிற மாதிரி என் கையில் தள்ளினார். "உங்கப்பாடி! பேசுடி!"

நான் டெம்போவுக்குப் பின்னால் ஓடினேன். இன்னும் கொஞ்சம் தூரம் ஓடியிருக்க வேண்டும். அண்டா இல்லை, தொண்டையை மட்டும் நம்பினேன்.

"ஹலோ... ராஜமாணிக்கம் பேசுறேன்."

"சார், வணக்கம் சார்! சரக்கு ஏத்தியாச்சு சார்!"

"ரொம்ப சந்தோஷம் அர்ச்சுனன்."

அப்பாவுக்கு ஒரு பழக்கம். செல்லில் பேசினால் ஓரிடத்தில் நிற்க மாட்டார், நடப்பார். நடந்தார். டெம்போவின் முன்பக்கம் போனார். பக்கவாட்டில் வந்தார்.

"சார், கொரலு ரொம்ப கிட்டக்க கேக்குது சார்!"

"லைனு நல்லா இருக்குதுய்யா."

"பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே இருக்குது சார்!"

"அதான் இப்ப வந்திருக்குற டெக்னாலஜி" என்று சொல்லி முடிப்பதற்குள் அப்பா டெம்போவின் பின்பக்கம் திரும்பிவிட்டார்.

உங்களுக்கு நான் கேரண்டி கொடுத்த இடம் இதுதான். சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் சிரிக்கவில்லை. காதில் போனோடு நான் நின்றேன். காதில் போனோடு அப்பா நின்றார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த குவைத் போனைப் பார்த்தார். முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்ட நிஷா அக்காவைப் பார்த்தார். டெம்போ மேல் வைக்கோலுக்குள் விளக்கை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அடுக்குவதை நிறுத்தவில்லை. "திங்கக்கெழம ஏழரைக்கு எந்த ஊருலங்க சூளை மூட்டுறாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பாவின் முகத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமையாகச் சிவப்பு மறைந்து கறுப்பு தெரிய ஆரம்பித்தது. போனை இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைசி நம்பிக்கையும் வற்றுகிற குரலில், ராஜமாணிக்கத்திடமே கேட்டார்:

"அப்ப... சிங்கப்பூரும் வராதா?"